சுத்தம் செய்யும் நாட்கள்

தென்மாவட்டத்து அரசினர் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்கு, ஆண்டின் பண்டிகைகளைப் பஞ்சாங்கம் பாராமலே, வாசலில் வந்து இறங்குகிறவர்களின் காயங்களைக் கொண்டே அடையாளம் சொல்லும் பழக்கம் வெகுகாலத்துக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. தை பிறப்பதற்கு முந்தைய வாரத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள். ஆயுத பூஜையை ஒட்டி வருகிறவர்கள் பரண் ஒழிக்கப் போய் முக்காலியிலிருந்து விழுந்தவர்கள், அல்லது மின்விசிறியை ஈரத்துணியால் துடைக்கப் போய்க் கையில் மின்சாரம் பாய்ந்தவர்கள். ஐப்பசி அடைமழையில் வருகிறவர்கள் பாசி பிடித்த முற்றத்தைத் தேய்க்கும்போது வழுக்கி விழுந்தவர்கள். கல்யாணமோ, வளைகாப்போ, புதுமனை புகுதலோ, ஒரு குடும்பத்தில் நல்ல காரியம் எதுவானாலும் அதற்கு முதற்படி வீட்டைக் கழுவி மெழுகுவதுதான் என்பதால், அக்காரியத்துக்கென்று வாங்கிய புதுப்புடவையோடும் கையில் பூச்சரத்தோடும் எங்கள் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்து அழுத தாய்மார்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அவர்களுள் பெரும்பாலோர் தாங்கள் அடிபட்டு வந்தவர்கள் அல்லர். தங்கள் பிள்ளையையோ, மாமியாரையோ, வீட்டு வேலைக்கு வந்த பெண்ணையோ கொண்டுவந்து சேர்த்தவர்கள். இந்த ஒரு விஷயமே என் பணிக்காலம் முழுவதும் என் மனத்தை விடாமல் பற்றியிருந்தது. சாலை விபத்தில் வண்டி ஓட்டியவன் தானும் அடிபடுகிறான். சமையற்கட்டில் எண்ணெய் தெறித்தால் கரண்டி பிடித்த கையில்தான் தெறிக்கிறது. ஆனால் வீட்டைச் சுத்தம் செய்வதிலிருந்து விளைகிற அபாயங்களிலோ, பொருளை வாங்கியவர் ஒருவராகவும், அதை ஓரிடத்தில் வைத்தவர் மற்றொருவராகவும், அதனால் உயிருக்கு ஆபத்து வரை போனவர் மூன்றாம் ஒருவராகவும் இருப்பதே பெரும்பான்மை. ஆகையால் 'ஜாக்கிரதையாக இரு' என்று ஒருவருக்குச் சொல்லும் புத்திமதி இங்கே பாதிக்காரியத்தைக்கூடச் செய்வதில்லை. நான் வைத்துவிட்டுப் போன பிறகு இந்த இடத்துக்கு யார் வருவார்கள், அவர்கள் கண்ணுக்கு இது என்னவாகத் தோன்றும் என்று நினைத்துப் பார்க்கிற சிரத்தை ஒன்றுதான் இதற்குப் பரிகாரமாக இருக்க முடியும்.

நாலு வயதுப் பையன் ஒருவனை ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். தாய், தகப்பன், பாட்டி மூவரும் ஒரே சமயத்தில் பேசியதால் என்ன நடந்தது என்று விளங்குவதற்கு முன்பாக, பையனுடைய சட்டையின் மார்புப் பக்கத்தில் பொடிப்பொடியாக விழுந்திருந்த ஓட்டைகள் என் கண்ணில் பட்டன. நைந்த துணியில் விழுகிற கிழிசல் அல்ல அது. ஓரங்கள் மஞ்சளித்து, விரலால் தொட்டால் துணி மாவாய் உதிர்ந்தது. உதடுகள் வெளுத்துத் தடித்திருந்தன. அழத் தெரிந்த வயதுக் குழந்தை, அழாமல், எச்சிலை விழுங்கவும் மாட்டாமல், கீழ்த்தாடையை முன்னே நீட்டி வழியவிட்டுக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியதே இல்லை, ஆசிட்.

புதிதாகக் கட்டிய அவர்கள் வீட்டில் தரைக்கு ஓடு பதித்து முடித்த கொத்தனார், ஓட்டின்மேல் காய்ந்து ஒட்டியிருந்த சிமெண்டுக் கறையை எடுப்பதற்காக ஆசிட் வாங்கி வந்திருக்கிறார். வேலை முடிந்ததும் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எஞ்சியிருந்த ஆசிட், அது வந்த கலர் பாட்டிலிலேயே, வெயில் படக்கூடாதே என்ற நல்லெண்ணத்தோடு, தண்ணீர்ப் பானைக்கு அருகில் நிழலாக இருந்த மூலையில் இரண்டு நாளாக இருந்திருக்கிறது. விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்த குழந்தைக்கு, கலர் பாட்டிலில் இருப்பது கலராகத்தானே இருக்க வேண்டும்? அவன் செய்ததில் குற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அதை வைத்தவர் மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் வேறொரு கிராமத்தில் வேறொரு வீட்டுக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தார்.

பாட்டி, குழந்தை குடித்துவிட்டான் என்று தெரிந்த மாத்திரத்தில், நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் செய்துவருவதைத்தான் செய்தார். உப்பைக் கரைத்து ஊற்றி, தொண்டைக்குள் விரலைவிட்டு வாந்தி எடுக்க வைத்தார். ஆசிட், காரம் முதலிய அரிக்கும் பொருள்கள் உள்ளே இறங்கும்போது ஒரு தரம் பொசுக்கிவிட்டுப் போகின்றன. வாந்தியாக மேலே வரும்போது அதே வழியை இரண்டாம் தரமும் பொசுக்குகின்றன. மூச்சுக்குழலிலும் சிந்திவிட்டால் பிராணாபத்து உடனேயே நேரும். எலுமிச்சைச் சாறு கொடுத்துக் காரத்தை முறிப்பது, சோடா உப்புக் கொடுத்து ஆசிட்டை முறிப்பது என்று படித்தவர்கள் சிலர் செய்கிற வைத்தியமும் இத்தகையதே. முறிகிறபோது பிறக்கும் சூடும் வாயுவும் வெந்த குடலை மேலும் வருத்தும். வாயைக் கொப்பளிக்கச் செய்வது, விழுங்க முடிந்தால் ஓரிரு மடக்குத் தண்ணீர், அதற்குமேல் ஒன்றுமில்லாமல் மருத்துவமனை: இவ்வளவே வீட்டில் செய்யத்தக்கது.

அந்தக் குழந்தை அன்றைக்குப் பிழைத்தான். ஆனால் இந்த விபத்தின் கொடுமை முதல் நாளோடு முடிகிறதன்று என்பதைப் பொதுமக்கள் அறிவதில்லை. வெந்த உணவுக்குழல் ஆறுகையில் தழும்பாகிச் சுருங்குகிறது. சில வாரங்கள் சென்றபின் இட்லி இறங்கவில்லை என்று வருவார்கள், பிறகு கஞ்சி இறங்கவில்லை என்பார்கள், கடைசியில் தன் எச்சிலைத் தானே விழுங்க மாட்டாமல் குழந்தை ஒரு துணியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொதுவாக, காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் உணவுக்குழலையும், ஆசிட்டுகள் இரைப்பையையும் அதிகமாகக் கெடுக்கும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். இந்தப் பையனுக்கு இரண்டும் கெட்டிருந்தன. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து அதன் வழியாகப் பால் ஊற்றினோம். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் எண்டாஸ்கோப்பி மூலம் சுருங்கிய குழலைச் சிறிது சிறிதாக விரித்தார்கள். விரித்தது மறுபடி சுருங்கும், மறுபடி விரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்தபோது மற்றக் குழந்தைகள் மத்தியானச் சோறு உண்ணும் நேரத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள் என்று அவன் தாய் என்னிடம் சொன்னாள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் செவாலியே ஜாக்சன் என்ற தொண்டை வைத்திய நிபுணர் இத்தகைய குழந்தைகளுக்காகவே தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அக்காலத்து அமெரிக்க வீடுகளில் சோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பு நீக்கவும் தரை கழுவவும் சாதாரணமாகப் புழங்கிய காரத்தைச் சர்க்கரையென்று எண்ணி வாயில் போட்ட குழந்தைகள் அவரிடம் திரளாக வந்தார்கள். உணவுக்குழலை விரிக்கும் வித்தையில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் அரிது. ஆயினும் வித்தையோடு திருப்தி அடையாமல், அரிக்கும் பொருள்கள் அடைத்த பாத்திரத்தின்மேல் 'விஷம்' என்ற எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக வாதாடி, 1927-ல் அந்நாட்டுச் சட்டமன்றம் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றும்படி செய்தார். ஓர் உயிரைக் காக்க வைத்தியன் ஏந்தும் கருவிகளுள் ஒட்டுச்சீட்டும் ஒன்று என்று உணர்ந்த அந்தப் பெரியவரை நான் நினைக்காத நாள் குறைவு.

நம் நாட்டில், பெண்கள்மீது ஆசிட் வீசும் கொடுமையைத் தடுக்கும் உத்தேசத்தோடு, உச்சநீதிமன்றம் 2013-ல் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குகிறவரின் அடையாளத்தைப் பார்க்க வேண்டும், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கலாகாது, பதிவேடு வேண்டும் என்பன அவற்றுள் சில. இவை வீட்டுக் குழந்தைக்கும் நன்மையே செய்யும். ஆனால் தெருவில் சைக்கிளிலும் வேனிலும் பினாயிலும் சோப் ஆயிலும் ஆசிட்டும் கொண்டுவந்து, 'காலி பாட்டில் இருந்தாக் கொண்டாங்கம்மா' என்று கூவி ஊற்றிக்கொடுத்துப் போகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கும் வரை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடிநீர்ப் பாட்டிலில் விஷம் இருக்கும். காசு மிச்சம் என்று பார்க்கிறார்கள். வீட்டுப் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலாவது சொல்வது இதுதான்: வாங்கின டப்பாவிலேயே கடைசிச் சொட்டு வரை இருக்கட்டும், தின்னும் பொருளும் குடிக்கும் பொருளும் வந்த பாட்டிலில் வேறெதையும் ஊற்றாதீர்கள்.

பினாயிலுக்கு இது இன்னும் அவசியம். வெள்ளைப் பினாயில் வாங்குகிறபோதே பால் நிறம்; தண்ணீரில் விட்டால் கறுப்புப் பினாயிலும் பால்போல வெளுக்கும். எவர்சில்வர் டம்ளரில் அளந்து வாளியில் ஊற்றிவிட்டு, டம்ளரை அப்படியே மேடைமேல் வைத்துத் துடைப்பத்தை எடுக்கப் போகும் இடைவேளை போதும். கறுப்புப் பினாயிலில் இருக்கும் தார்ச்சத்து, 1865-ல் கிளாஸ்கோ நகரத்தில் லிஸ்டர் என்ற அறுவை வைத்தியர் புண்ணில் கிருமி சேராமல் தடுக்க முதன்முதலாகக் கையாண்ட கார்பாலிக் ஆசிட்டின் இனத்தைச் சேர்ந்தது. எண்ணற்ற உயிர்களை அது காப்பாற்றியது மெய். தோலின் வழியாகவே உடலுக்குள் ஊறி நரம்பையும் இருதயத்தையும் தாக்கும் என்பதும் மெய்.

மண்ணெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேஷன் மண்ணெண்ணெய் வீட்டுக்கு வீடு இருந்த நாட்களில், சைக்கிள் சங்கிலி துடைக்கவும், மூட்டைப்பூச்சிக்கும், தரை பளபளக்கவும் என்று அது ஒரு சிறு சீசாவில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதைக் குடித்த குழந்தைக்கு வயிற்றைவிட நுரையீரலில்தான் ஆபத்து. வாந்தி எடுக்க வைப்பதால் அது நுரையீரலுக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே அங்கும் விரலைத் தொண்டையில் விடக்கூடாது. அந்துருண்டையையும் பூஜைக் கற்பூரத்தையும் மிட்டாயென்று வாயில் போட்டு வலிப்பு வந்த குழந்தைகளையும், இரத்தம் உடைந்து சிறுநீர் கறுத்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வாசனையாலும் வெண்மையாலும் குழந்தையை அழைக்கிற பொருள்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அவர்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு.

குளியலறையைத் தேய்க்க அனுப்பப்படுகிற பெண்ணிடம் ஒரு கையில் ஆசிட்டும் மறு கையில் பிளீச்சிங் பவுடரும் கொடுத்து, 'ரெண்டையும் போட்டுத் தேய், அப்பத்தான் கறை போகும்' என்று சொல்லும் வீட்டம்மாக்கள் எத்தனையோ பேர். ஒன்று அழுக்கைப் போக்கும் என்றால் இரண்டு சேர்ந்தால் இன்னும் நன்றாகப் போக்கும் என்று எண்ணுவது மனித சுபாவம். பிளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்பிலே குளோரின் வாயுவைச் சிறைவைத்த பொருள். ஸ்காட்லாந்தில் சார்லஸ் டென்னண்ட் என்பவர் 1799-ல் அதற்குக் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து துணி வெளுக்கவும், பிற்பாடு குடிநீரைச் சுத்திகரிக்கவும் உலகமெங்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. நல்ல பவுடரில் மூன்றிலொரு பங்களவு குளோரின் வெளிப்படக் காத்திருக்கும். ஆசிட் அதன்மேல் பட்டதும் அந்தச் சிறைக்கதவு திறந்துகொள்கிறது. வெளிவருவது, 1915-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் பெல்ஜியத்தில் ஈப்ர் என்னுமிடத்தில் ஜெர்மன் சேனை எதிரிகளின் பதுங்குகுழிகள்மீது திறந்துவிட்ட அதே மஞ்சள்பச்சை வாயுதான்.

அவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகையால் அது மேலெழுந்து ஜன்னல் வழியாகப் போய்விடாமல் தரையோடு தங்குகிறது. வீட்டம்மா வாசற்படியில் நின்று பார்த்தால் 'லேசா நெடி அடிக்குது' என்பதோடு சரி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைத் தரைக்கு ஒரு முழத்துக்குள் வைத்துத் தேய்க்கிற பெண்ணுக்கோ அது நேரே நெஞ்சுக்குள் போகிறது. தண்ணீர் வெளியே தெறிக்கக்கூடாது என்று கதவை வேறு சாத்தியிருப்பார்கள்.

இப்படி வந்த பெண்களுள் ஒருத்தி எனக்கு நன்றாக நினைவில் இருக்கிறாள். முப்பது வயது இருக்கலாம். காலையில் ஒரு வீட்டில் தேய்த்துவிட்டு, இருமிக்கொண்டே இன்னும் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, மாலையில் தன் வீட்டுக்குப் போய்ச் சோறும் வடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு, படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு நிற்கிறது என்று புருஷனோடு வந்தாள். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் நீர் கொப்புளிக்கும் சப்தம். இந்த வாயுவின் விபரீதம் சில சமயங்களில் சில மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோத்து வெளிப்படும். பிராணவாயு வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, இரா முழுதும் பக்கத்தில் இருந்தோம். 'காலையிலேயே ஏம்மா வரலே?' என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: 'அந்த அம்மா முன்னாலே இருமினேன், நர்ஸம்மா. நோஞ்சான்னு நெனச்சு வேற ஆள் வெச்சுக்குவாங்களோன்னு அடக்கிட்டு வந்துட்டேன்.' வாய்விட்டு இருமுவதற்கும் ஒருத்திக்கு உரிமை இல்லாத இடத்தில் எந்தப் பாதுகாப்பு விதி எழுதிவைத்து என்ன பிரயோஜனம்? அவள் குணமடைந்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டம்மாவும் மறுநாள் பழங்களோடு வந்து பார்த்தார். இப்படி ஆகும் என்று தெரியாது என்று உண்மையாகவே கண்ணீர் விட்டார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆசிட்டோடு பிளீச்சிங்கைச் சேர்க்கலாகாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களோடும் சேர்க்கலாகாது, அதிலிருந்து வேறொரு நச்சு வாயு பிறக்கும். ஒன்றைப் போட்டுக் கழுவிய இடத்தில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பின்பே மற்றொன்று. கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். நெடி ஏறினால் வேலையை அப்படியே விட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பால் குடித்தால் சரியாகும் என்று உட்கார்ந்திருக்கலாகாது. கை உறையும் செருப்பும் வாங்கித் தருவது வீட்டுக்காரர் கடமை. சம்பளத்தோடு சேர்த்து அதையும் ஒரு செலவாக எண்ணிக்கொள்ள மனம் வர வேண்டும்.

தைக்கு முந்தைய வாரத்துக் கண் காயங்களைப் பற்றி முன்பே குறிப்பிட்டேன். கற்சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் பானை தானே கொதித்துக் குமுறும். அதைச் சுற்றிக் குழந்தைகள் வேடிக்கை பார்த்து நிற்பார்கள். அப்போது தெறிப்பது ஒரு விதம். மட்டையால் உத்தரத்துக்கு அடிக்கும்போது அண்ணாந்து பார்த்த கண்ணில் சொட்டுவது மற்றொரு விதம். தாத்தா வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கி விளையாடக் கண்ணில் பீச்சுவது இன்னொரு விதம். மூன்றிலும் சேதம் ஒன்றே. ஆசிட்டைவிடக் காரமே கண்ணுக்குப் பெரிய சத்துரு. அது மேற்பரப்பில் நின்றுவிடாமல் கருவிழியின் ஊடே உள்ளே இறங்கிக்கொண்டே போகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ நெய்யோ விட்டுக்கொண்டு வருவார்கள். அது தண்ணீர் படுவதைத் தடுப்பதோடு, சுண்ணாம்புத் துகளை இமைக்குள் ஒட்டவைத்துவிடும்.

நாங்கள் செய்வது இது. கண் மரக்கச் சொட்டு மருந்து விட்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாயையே எடுத்து உப்புநீர்ப் பாட்டிலில் மாட்டி, மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஓடும்படி நீரை விட்டுக்கொண்டே இருப்போம். இடையில் மேலிமையைப் பஞ்சுக்குச்சியில் சுற்றிப் புரட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத் தெரிகிற கண்ணில், இமையைப் புரட்டினால் மடிப்புக்குள் தயிர்ப்பொருக்குப்போல் சுண்ணாம்பு அப்பியிருக்கும். அதை ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால்தான் எரிச்சல் நிற்கும். அது அங்கே இருக்கும் வரை எவ்வளவு மருந்து விட்டும் பயனில்லை. ஒரு மூத்த கண் டாக்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: 'சிஸ்டர், ஆஸ்பத்திரியில் நாம் செய்யும் முதல் ஒரு மணி நேர வைத்தியத்தைவிட, வீட்டுக் குழாயடியில் அவர்கள் செய்யும் முதல் ஐந்து நிமிஷ வைத்தியம் உசத்தி.' கண்ணில் எது பட்டாலும் உடனே குழாயைத் திறந்து, கண்ணை விரலால் விரித்துப் பிடித்து, இருபது நிமிஷம் குறையாமல் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். தோலில் ஆசிட் பட்டாலும் அப்படியே.

வழுக்கி விழுகிற வயோதிகர்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அது தெரிந்த கதை. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிவது பலருக்கு. டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் 1814-ல் விவரித்த அதே முறிவு, உணவுத்தட்டில் கவிழ்த்து வைத்த முள்கரண்டியின் வளைவோடு இன்றும் வருகிறது. இடுப்பெலும்பு முறிந்த பாட்டிமார் படுக்கையிலிருந்து திரும்ப எழுவது அரிதாகவே இருந்தது. தரை துடைத்தால் காயும் வரை ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவையுங்கள். துடைத்து முடித்த வாளித் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். தவழும் குழந்தை வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து தலைகுப்புறக் கவிழ்ந்தால் மீண்டு எழ அதற்குப் பலம் கிடையாது. ஒரு சாண் தண்ணீர் போதும். சப்தம்கூட வராது.

செப்டிக் டேங்க்கைச் சொல்லாமல் வீட்டுச் சுத்தத்தைப் பற்றிய கட்டுரையை முடிப்பது நியாயமாகாது. நிரம்பிவிட்டது என்று இரண்டு ஆட்களை அழைக்கிறார்கள். மூடியைத் திறந்து ஒருவர் இறங்குகிறார். உள்ளே தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக இருக்குமிடத்தில் அதன் அழுகிய முட்டை வாடையே தெரியாது, முகரும் சக்தியை அது முதலில் அழித்துவிடுகிறது. அவர் சரிந்ததைக் கண்டு காப்பாற்ற இறங்குகிறவர், அநேகமாகத் தம்பியோ மைத்துனனோ, அவரும் சரிகிறார். எங்களிடம் இவர்கள் சேர்ந்தே வருவார்கள். சேர்ந்தே பிணவறைக்குப் போவார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை இதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023-ல் விதித்திருக்கிறது. எந்த வீட்டுக்காரரும், தம் சொந்த மகனை அந்தக் குழிக்குள் இறக்கச் சம்மதியார். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழைக்க இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தால் காத்திருக்கலாம். இறந்தவர்களின் வீட்டுப் பெண்கள் எங்கள் வராந்தாவில் மார்பில் அடித்துக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

ஓய்வு பெற்ற பின்பு மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்களுக்கு என்னைப் பேச அழைக்கிறார்கள். பினாயிலும் சோப் ஆயிலும் தயாரித்து விற்பதே தொழிலாகக் கொண்ட குழுக்கள் அவற்றுள் பல. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, காலி பாட்டில் வாங்கி ஊற்றித் தராதீர்கள், உங்கள் பாட்டிலில் பெயரையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்கும்படியான எச்சரிக்கையையும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மண்டையோட்டுச் சித்திரமும் போடுங்கள் என்பது. விலை ஒரு ரூபாய் கூடும் என்றார்கள் சிலர். கூடட்டும் என்று இரண்டு குழுக்கள் ஏற்றுக்கொண்டன. காஸ்டிக் சோடாவை நிறுத்துக் கரைக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளவும், தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது என்றும் சொல்லிக் கொடுத்தேன். அந்நேரத்தில் குழந்தைகளை வேறொரு வீட்டில் விட்டுவைக்க ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒன்று நேர்ந்துவிட்டால், 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் அவகாசத்தில் வீட்டில் ஒருவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். எங்களைப் போன்ற சிறிய ஊர் மருத்துவமனைகளின் டாக்டர்களே அங்கு யோசனை கேட்பதுண்டு. அங்கு முதலில் கேட்பதும், எங்களிடம் வந்தால் நாங்கள் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: குழந்தை குடித்தது என்ன, எவ்வளவு, எப்போது? 'வெள்ளையா இருந்துச்சு', 'கக்கூஸ் கழுவுறது' என்ற பதில்களை வைத்துக்கொண்டு டாக்டர் மருந்து எழுத முடியாது. ஆகவே அந்தப் பாட்டிலைக் கீழே கொட்டிக் கழுவிவிடாமல், மீதி இருப்பதோடு மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் நிமிர்த்தி வைத்து, ஒட்டுச்சீட்டு இருந்தால் அதுவும் கிழியாமல், குழந்தையோடு கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள்.